இரண்டாம் சரணம் வரைக்கும்

ஞானதுரை சார் மைக்கைப் பிடித்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் வடிவு அவள் பாட்டுக்கு உட்கார்ந்து படம் பார்த்திருப்பாள். "ரெண்டாவது சரணம் வரும்போது முன்னால நிக்குற ஹீரோவைப் பாக்காதீங்க, பின்னால பாருங்க, ஒரு மனுசர் இருப்பார், இந்த வருசம் நம்ம பிள்ளைங்க எடுத்த அத்தனை பாட்டுலயும் ஷாட்டுன்னா அதுதான் ஷாட்டு" என்று சொல்லிவிட்டு அவர் சந்தோஷமாக மேடையை விட்டு இறங்கினார், எல்லாரும் கை தட்டினார்கள், விளக்கு அணைந்தது. அந்த ஷாட்டுதான் இல்லையே. அதைத்தான் போன வாரமே வெட்டித் தூக்கியாச்சே. எடிட்டிங் லேபில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தன் கையாலேயே வெட்டி, அந்த இடத்தில் பாலத்தின் மேல் பஸ் போகிறதை ஒட்டிவைத்து, ஏன் எடுத்தாய் என்று கேட்ட, குழுவில் கேமரா பிடிக்கிற இஸ்ரவேலிடம் "ஃபோகஸ் நழுவிப் போச்சுல்ல, அதான்" என்று கூசாமல் சொல்லியுமாச்சே. "ஏட்டி, போனதுதான் அதுக்கு அழகே, சாரே அதைத்தான் புகழ்ந்தாரு" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான், அதோடு விட்டுவிட்டான் என்று நினைத்தாள். விட்டானா? மேடை ஓரத்தில் லேப்டாப் வெளிச்சத்தில் அவன் மூஞ்சி மட்டும் தெரிந்தது. இருட்டுக்குள் இவளைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, ஈ என்று இளித்தான். அடப்பாவி இஸ்ரவேலு, திரும்ப வச்சுட்டியா. சாருக்குப் பிடித்தது, வடிவுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும், திரையில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நல்ல எண்ணத்தில் வைத்திருக்கிறான், நாசமாய்ப் போக. இடது பக்கம் அம்மா, வலது பக்கம் அப்பா. வரிசை நடுவில் இவள். பின்னால் இருக்கும் மனுசர் என்று சார் சொன்ன அந்த மனுசர் இதோ வலது பக்கம், இஸ்திரி போட்ட சட்டையோடு, மடியில் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறார். வேலையில் இருக்க வேண்டிய நேரத்தில் ஆற்றங்கரையில் இருந்த மனுசர். அது வடிவுக்குத் தெரியும். தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

திரையில் முதலில் கல்லூரிப் பெயர் வந்தது, பிறகு ஹம்மிங். பாட்டின் ஹீரோ அஃப்சல் தன் வீட்டில் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு போனில் பாடிப் பதிந்த குரல் அது, இப்போது அந்தப் பெரிய ஸ்பீக்கரில் அரங்கு பூராவும் நிறைகிறது. "யாருட்டி பாடுதது, நல்லாருக்கே" என்று அம்மா காதைக் கடித்தாள். விஸ்காம் கடைசி வருஷத்தில் ஒவ்வொரு குழுவும் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி, அதற்கு வீடியோவும் எடுத்துக் காட்டியாக வேண்டும், பெற்றவர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால்தான் போடுவார்கள். ஏன் கூப்பிடுகிறார்களோ, எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்த வழக்கமோ. வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாள்தான். "உனக்கு எதுக்கும்மா அலைச்சல், நான் போன்ல காட்டுதேன்" என்று சொன்னாள், அதற்கு அம்மா, "ஒரு நாள் லீவு போடாத மனுசன் இன்னைக்கு உனக்காக மொதலாளிகிட்ட சண்டை போட்டு லீவு வாங்கியிருக்காக, வரவேண்டாங்கியா?" என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். லீவு கேட்டால் மொதலாளி மூஞ்சியைக் காட்டுகிறார் என்று முந்தின நாள் சாப்பிடும்போது அவரே சொல்லியிருந்தார். எந்த மொதலாளி, எந்த மூஞ்சி. எழுந்து போகணும், இப்பவே போகணும், போய் இஸ்ரவேலின் கையைப் பிடித்து நிறுத்தணும். வடிவு பாதி எழுந்தாள். பின்னாலிருந்து யாரோ "மறைக்குதும்மா" என்றார்கள், அம்மா துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள், "உன் படம் ஓடுது, நீ எங்க போற?" பல்லவி வந்துவிட்டது. வராத மழைக்கு நான் குடை பிடிச்சேன். குழுவாக உட்கார்ந்து டீக்கடையில் எழுதிய வரி, அன்றைக்கு அதற்கு அப்படிச் சிரித்தார்கள். போனை எடுத்து, துப்பட்டாவுக்குள் மறைத்து, இஸ்ரவேலுக்கு 'நிறுத்துடா' என்று அனுப்பினாள். 'ப்ளீஸ்' என்று அனுப்பினாள். 'கெஞ்சிக் கேக்கேன்' என்று அனுப்பினாள். அவன் போன் ஒலிபெருக்கிக் கம்பிகளுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்ததை விளக்கு அணையும் முன்பே பார்த்திருந்தாள், இருந்தும் அனுப்பினாள். அம்மா எட்டிப் பார்த்து "போனை உள்ள வையி" என்று அதட்டினாள்.

அந்தப் பாட்டை ஆற்றங்கரையில் எடுத்த நாளில் வடிவு ஆற்றைப் பார்க்கவே இல்லை. அதுதான் பிழை, அந்த ஒரு பிழைதான். கொக்கிரகுளம் பக்கம் படித்துறையில் அஃப்சல் நிற்கிறான், கேமராவுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தெர்மாகோலைத் தூக்கி, ஆற்றுப்பக்கமிருந்து வருகிற வெயிலை அவன் முகத்தில் திருப்பி அடிக்க வைப்பது வடிவின் வேலை, எதிர்வெயிலில் கண் கூசுகிறதென்று ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத் தோளுக்குப் பின்னால் பிடித்திருக்கிறாள், கை கடுக்கிறது, எப்படா முடியும் என்று இருக்கிறது. ஸ்லோமோஷனில் எடுத்தால் வாயும் மெதுவாக அசையும், பாட்டோடு ஒட்டாது. அதனால் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிடணும், ஹீரோ அந்த வேகத்துக்கு வாயை அசைக்கணும், பிறகு லேபில் வேகத்தைக் குறைத்தால் உதடு பாட்டுக்குச் சரியாக வந்து உட்காரும், சுற்றியிருக்கிறதெல்லாம் மெதுவாக மிதக்கும். ஸ்பீக்கரில் அஃப்சலின் சோகப் பாட்டு கீச்சுக் கீச்சென்று ஓட, அவன் வாயைப் படபடவென்று அடிக்க, குளிக்க வந்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முதுகுக்குப் பின்னால் அப்பா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் என்ன? பார்த்திருந்தால், அப்பா என்று கூப்பிட்டிருந்தால், அங்கேயே ஏதாவது பேசி முடிந்திருக்கும். இல்லை, முடிந்திருக்காது, கூட்டாளிகள் முன்னால் அவர் என்ன சொல்லியிருப்பார். கேமராவில் ஃபோகஸ் அஃப்சல் முகத்தை விட்டு நழுவி மெல்லப் பின்னால் போனது, கேமரா பிடித்த இஸ்ரவேலே அதைக் கவனிக்கவில்லை. லேபில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் வடிவு அதைப் பார்த்தாள். ஹீரோ முகம் மங்குகிறது, பின்னால் படியில் குந்தியிருக்கிற ஓர் ஆள் தெளிகிறார், தூக்குவாளியைக் கழுவுகிறார். நீலக் கட்டம் போட்ட சட்டை. முதலில் சட்டையைத்தான் அடையாளம் தெரிந்தது, அன்று காலையில் அவள்தான் அதற்கு இஸ்திரி போட்டாள், காலர் ஓரத்தில் லேசாகச் சூடு பட்டுவிட்டதென்று அம்மாவிடம் வாங்கியும் கட்டிக்கொண்டாள். பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள், முகம் கட்டம் கட்டமாக உடைந்து போகிற வரைக்கும் பெரிதாக்கினாள். ஹெட்போனில் பாட்டு முடிந்து வெகுநேரம் ஆகியும் அதைக் கழற்றவில்லை. பக்கத்து மேஜைப் பெண் தோளைத் தொட்டு "என்ன, சிஸ்டம் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாள், ஆமாம் என்றாள்.

முதல் சரணம் ஓடுகிறது. மார்க்கெட், பழக்கடை, அஃப்சல் ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறான், அம்மா "மெலிஞ்ச பையன், சாப்பாடு போடமாட்டாக போல" என்று சிரிக்கிறாள். வடிவு வலது பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் தன் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். லேபில் பார்த்த மறுநாளே அவள் பாளையங்கோட்டைக்குப் போனாள், அப்பா வேலை பார்க்கிற அந்த மோட்டார் உதிரிபாகக் கடைக்கு. ஒருவேளை ஏதாவது வேலையாக ஆற்றங்கரைக்கு வந்திருப்பார், வந்த இடத்தில் சாப்பிட்டிருப்பார், இவள்தான் பைத்தியக்காரி மாதிரி யோசிக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் போனாள். ஷட்டர் இறங்கியிருந்தது. போர்டைக் கழற்றிய இடத்தில் சுவரில் வெள்ளையாகத் தடம். பக்கத்து டீக்கடைக்காரர், "அது பொங்கலுக்கு முந்தியே மூடியாச்சே தாயி, யாரைத் தேடுத?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தாள், பஸ் ஸ்டாப்பைத் தாண்டியும் நடந்தாள். பொங்கலுக்கு முந்தியே. அப்படியானால் சித்திரையில் கடையில் சரக்கு எடுத்துத் தோள்பட்டை வலிக்கிறதென்று தைலம் தேய்த்துக்கொண்டது? மொதலாளி மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், பெண் படித்திருக்கிறது, ஆனால் பையனுக்கு மனசில்லை என்று வாரக்கணக்கில் சொன்னது? அம்மா அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டு, "அந்தப் பிள்ளை பாவம்ங்க, ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்க" என்று தினமும் கேட்பாளே. இல்லாத கடையில் இல்லாத பையனுக்கு இல்லாத பெண். அதைக் கேட்டு வடிவும் ஒருநாள் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் பகல் முழுக்க ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவர் யோசித்து யோசித்து வைத்திருப்பார், சாயங்காலம் வந்து சொல்வதற்கு. அதை நினைத்தால் வடிவுக்குப் பொய் சொன்னார் என்று கோபமே வரமாட்டேன் என்கிறது. வீட்டில் அரிசி பருப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவும் பயந்து, தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்திருக்கிறாள்.

பயம் அம்மா திட்டுவாள் என்பதற்காக இல்லை. அம்மா திட்டுவாள், கத்துவாள், அழுவாள், பிறகு சோறு போடுவாள், அது தெரிந்த கதை. பயம் அப்பா போய்விடுவார் என்பதுதான். அவர் பதில் பேசுகிற ஆள் இல்லை, போய்விடுகிற ஆள். மாமா வீட்டு வளைகாப்பில், பந்தியில் எல்லார் முன்னாலும் மாமா வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு "எங்க அத்தானை வேலைக்கு வச்சிருக்கானே, அந்தக் கடைக்காரனுக்குக் கோயில் கட்டணும்" என்று சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும்தான் சிரித்தார். சிரித்தபடியே இலையை மடித்தார், கை கழுவப் போனார், வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. திருச்செந்தூர்க் கடற்கரையில் மண்ணில் உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்தார். அது ஒரு பந்தி வேடிக்கைக்கு. இது என்ன வேடிக்கையா? இது இத்தனை பேர் முன்னால், வீட்டு வாசல் அகலத்துக்கு அவர் முகம், அம்மா "அய்யோ, இது நீங்கல்லா" என்று கத்துவாள், நிச்சயம் கத்துவாள், அவளுக்கு மெதுவாகப் பேச வராது, எல்லாரும் திரும்புவார்கள், சார் எழுந்து வந்து "நீங்கதானா சார் அது?" என்று கை கொடுப்பார், அன்றைக்கு என்ன கிழமை, உங்களுக்குக் கடை இல்லையா என்று அம்மா கேட்பாள், அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பு. அப்புறம் பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்திருப்பார். இந்தத் தடவை திருச்செந்தூரோடு நிற்பாரா? ஆறு பக்கத்திலேயே இருக்கிறது, அவருக்கு அந்தப் படிகளில் எங்கே வழுக்கும் எங்கே ஆழம் என்று இத்தனை மாதத்தில் தெரிந்திருக்கும். சீ, என்ன நினைப்பு இது, வாயில் வசம்பை வைத்துத் தேய்க்கணும், வாயில் சொல்லாவிட்டாலும் நினைக்கிறதும் சொல்வதும் ஒன்றுதான், நினைக்காதே, நினைக்காதே. நினைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது இடையிசை தொடங்கிவிட்டது. புல்லாங்குழல், பிறகு கைதட்டல் தாளம், அதை வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பெஞ்சில் தட்டிப் பதிந்தார்கள், இது முடிந்தால் சரணம். வடிவுக்கு இந்தப் பாட்டு வெட்டு வெட்டாகத் தெரியும், எந்த அடியில் எந்தப் படம் மாறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், அந்த அறிவு இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் நெஞ்சில் வந்து இடிக்கிறது. பாலம். சைக்கிள். குடைக்காரர். அம்மாவின் கண்ணையாவது திருப்பணும், அந்த நேரம் மட்டும் திருப்பினால் போதும். என்ன சொல்வது? மயக்கம் வருவதாகச் சொல்லலாம், சொன்னால் விளக்கைப் போட்டுவிட்டுப் படத்தை நிறுத்திவைத்து மறுபடி போடுவார்கள். கம்மல் விழுந்துவிட்டது என்று சொல்லலாம், அம்மா கீழே குனிந்து தேடுவாள், ஆமாம், கம்மல், தங்கம் என்றால் கட்டாயம் குனிவாள். வடிவு காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். விரல் வழுக்கியது, அவ்வளவு வியர்வை. திருகு சுற்றவே மாட்டேன் என்கிறது. ஏ பேச்சியம்மா தாயே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு திருகாணி மட்டும். முன் வரிசையில் சார் பக்கத்திலிருந்தவரைத் தட்டி, இதோ வருது என்று கையை நீட்டிக் காட்டினார். குடைக்காரர் திரும்புகிறார், அதோடு வெட்டு, அடுத்து ஆறு. வந்துவிட்டது. ஆற்றங்கரை, அஃப்சலின் முகம், அரங்கு நிறைய வெயில். போற ஆறு சொல்லாது, எங்கே போகுதுன்னு. வடிவு "அம்மா" என்றாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பிரமு" என்று வலது பக்கமிருந்து அப்பா கூப்பிட்டார். வடிவைத் தாண்டிக் குனிந்து கூப்பிட்டார், அவர் தோள் இவள் மேல் சாய்ந்தது, சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. "இருங்க, அவரு சொன்ன இடம் இதுதான்" என்று அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பிரமு, என்னைப் பாரு." அப்படி ஒரு குரலில் அவர் பேசி வடிவு கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போல, திரும்பிவிட்டாள். "கடை மூடியாச்சு. பொங்கலுக்கு முந்தியே மூடிட்டாக. நான் எங்கயும் வேலைக்குப் போகல, தெனமும் ஆத்தங்கரைலதான் உக்காந்திருக்கேன். இவுக படம் எடுக்கையிலயும் அங்கதான் இருந்தேன், எந்திரிச்சுப் போக நேரமில்ல. நீ அதுல பாத்துத் தெரிஞ்சுக்கிட வேண்டாம்னுதான் சொல்லுதேன். சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன், பிரமு, பயமா இருந்துச்சு." அவர் கை வடிவின் முழங்காலைப் பிடித்திருந்தது, பிடித்திருப்பது அவருக்கே தெரியாது. இவரும் இவ்வளவு நேரம் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாரா? சார் மைக்கில் சொன்னதிலிருந்தே, இவள் பக்கத்திலேயே, இவளைப் போலவே ஒவ்வொரு படமாக எண்ணிக்கொண்டா? திரையில் அஃப்சலின் முகம் மங்கியது, பின்னால் படி தெளிந்தது, அரங்கில் எல்லாரும் ஆ என்றார்கள், யாரோ விசில் அடித்தார்கள். அம்மா பார்க்கவில்லை. அவள் இருட்டில் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு மட்டும்தான் பார்த்தாள். அவ்வளவு பெரிய திரையில் அப்பா தூக்குவாளியை உதறினார், தண்ணீர் மெதுவாக, மெதுவாக விழுந்தது, அவர் தலையைத் தூக்கினார். லேபில் அவர் கேமராவைப் பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தாள், இப்போதுதான் தெரிந்தது, கேமராவுக்குப் பக்கத்தில், சட்டத்துக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு தெர்மாகோல் தூக்கி நிற்கிற பிள்ளையைப் பார்க்கிறார். கூப்பிடப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்து, கூப்பிடாமல் மூடிக்கொள்கிறார். அத்தோடு அந்த ஷாட் முடிந்து பாலத்துக்கு மாறியது, கைதட்டல் எழுந்தது. வடிவு தன் முழங்கால் மேலிருந்த கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், எழுந்து போகவிடக்கூடாது, என்ன ஆனாலும் விடக்கூடாது. அம்மா கத்துவாள் என்று காத்திருந்தாள். அம்மா கத்தவில்லை. பட்டுச்சேலை முந்தானையை இழுத்து, வடிவின் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி, அப்பாவின் நெற்றியையும் கழுத்தையும் துடைத்தாள். இவ்வளவு மெதுவாக அம்மாவுக்குப் பேச வரும் என்று வடிவுக்கு அன்றுதான் தெரியும். "இத்தனை நாளும் அந்த வெயில்லயா உக்காந்திருந்தீக?" என்று கேட்டாள்.